ஓடவிட்டால் அடங்கும் என்றார்கள். பார்டர் கோலி வளர்ப்பவர்கள் கொஞ்சம் வாருங்கள்

நிழல்தொல்லை:
வணக்கம். என்னிடம் 11 மாத ஆண் பார்டர் கோலி (ஆடு மேய்க்கும் நாய் இனம்) இருக்கிறது. பெயர் கரிச்சான். கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளை வளையம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடியும். புத்தியில் குறையே இல்லை. கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கத் தானாகக் கற்றுக்கொண்டவன்.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஓடவிடுகிறேன், பெரும்பாலும் பந்து எறிந்து. நாலாவது மாதத்தில் அரை மணி நேரம் போதுமாக இருந்தது. பிறகு ஒரு மணி, இரண்டு மணி, இப்போது இரண்டரை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த ஐந்தாவது நிமிடம் பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு உறுத்துப் பார்க்கிறான். எனக்கு மூட்டு வலி வந்ததுதான் மிச்சம்.

புதிதாக இரண்டு தொல்லைகள். பிள்ளைகள் இருவரும் (7 வயது, 4 வயது) ஓடினால் வட்டமடித்து வந்து மடக்குகிறான். சின்னவள் நிற்காவிட்டால் குதிகாலில் பல்லை வைக்கிறான். இரத்தம் வரவில்லை, ஆனால் பல் தடம் தெரிந்தது. இன்னொன்று, சுவரில் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் துரத்துகிறான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, லேசர் விளக்கைக் காட்டி விளையாடிப் பழக்கியது நான்தான். இப்போது கைக்கடிகாரத்தின் பளபளப்பு கூரையில் ஒரு நொடி பட்டால் போதும், அது போன பிறகும் ஒரு மணி நேரம் அண்ணாந்து நிற்கிறான். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. எனக்கு மனசு வரவில்லை. இன்னும் எவ்வளவு ஓடவிட்டால் இவன் களைப்பான்?

நாலுமணிநடை:
இரண்டரை மணி நேரமெல்லாம் இந்த இனத்துக்குப் பத்தாது நண்பரே. மலையில் நாள் முழுக்க ஓடிய சாதி. மிதிவண்டியில் கட்டிக் கூட்டிப் போங்கள், தினம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். களைத்த நாய் நல்ல நாய்.

பட்டிக்காரன்:
தம்பி, மிதிவண்டி யோசனையை முதலில் ஓரமாக வையுங்கள். 11 மாதக் குட்டிக்கு எலும்பு வளர்ச்சி முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கட்டாந்தரையில் ஒரே வேகத்தில் இழுத்து ஓட்டினால் மூட்டுதான் வாங்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நான் முப்பது வருடமாகச் செம்மறியோடு இருக்கிறேன். இப்போது மூன்று கோலிகள். வேலை நாளில் அவை ஓடும் தூரத்தைக் கணக்கெடுத்தால் நீங்கள் மயங்கி விழுவீர்கள். ஆனால் எல்லா நாளும் வேலை நாள் இல்லை. மழை கொட்டும் நாளில் ஆடு பட்டியில் கிடக்கும், நாய் கொட்டகையில் கிடக்கும். நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். நான் போய்ப் பந்து எறிவதில்லை. அவையும் சுவரைப் பிறாண்டுவதில்லை.

எங்கள் நாய்க்கு முதலில் சொல்லிக் கொடுப்பது ஓட்டம் இல்லை. ஓடுவது அதற்கே தெரியும். சொல்லிக் கொடுப்பது நிற்பது. 'லை டௌன்' என்றால், கண்ணெதிரே நூறு ஆடு சிதறி ஓடினாலும் படுக்க வேண்டும். இன்னொரு சொல் 'தட்'ல் டூ'. போதும், விட்டுவிட்டு வா என்று பொருள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மேய்ப்பர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவது. அது காதில் விழுந்ததும் வேலை முடிந்தது, நாய்க்கும் தெரியும், ஆட்டுக்கும் தெரியும்.

உங்கள் வீட்டில் 'போதும்' என்ற சொல்லே இல்லை. பந்து போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. உங்கள் கை ஓய்ந்தால்தான் ஆட்டம் ஓய்கிறது. இத்தனை நாளாக நீங்கள் செய்தது நாயைக் களைக்க வைப்பது இல்லை தம்பி, பந்தய ஓட்டக்காரனைத் தயார் செய்வது. அரை மணியில் தொடங்கியவன் இரண்டரை மணிக்கு வந்துவிட்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருடம் ஐந்து மணி நேரம் கேட்பான்.

நிழல்தொல்லை:
ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பந்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும்தான், நானும் அவனும்.

அப்போது ஓடவே விட வேண்டாமா?

பட்டிக்காரன்:
ஓடட்டும். கட்டை அவிழ்த்து, அவன் இஷ்டத்துக்கு மோந்து பார்த்துத் திரிய விடுங்கள். நாற்பது நிமிடம் மண்ணை மோந்தவன் வீட்டுக்கு வந்து படுப்பான். நாற்பது நிமிடம் பந்து துரத்தியவன் இன்னொரு பந்து கேட்பான். செய்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

வால்நட்சத்திரம்:
நான் தத்தெடுத்த கோலி ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று வயதில் வந்தாள், இப்போது எட்டு. அவளும் 'அடங்காத நாய்' என்று கைமாறி வந்தவள்தான், அதனால் கரிச்சான் கதை எனக்குப் புதிதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அது கோபமும் இல்லை, பொறாமையும் இல்லை. நாய்களின் வேட்டைப் பழக்கத்தை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர் போன்றவர்கள் அதை ஒரு சங்கிலி போல விளக்குவார்கள்: இரையைக் கவனித்தல், உறுத்துப் பார்த்தல், பம்மிப் போதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல். பார்டர் கோலியில் பார்வையும் பம்முதலும் துரத்தலும் மிகையாக வளர்க்கப்பட்டிருக்கின்றன. கவ்வும் கண்ணியிலிருந்து பின்பாதி முழுவதும் மழுங்கடிக்கப்பட்டிருக்கிறது. மழுங்கியிருக்கிறதே தவிர அற்றுப்போகவில்லை. ஆடு பார்வைக்கு அடங்கினால் கடிக்கத் தேவையில்லை. நாலு வயதுப் பிள்ளை எந்தப் பார்வைக்கு அடங்கும்? கிறீச்சிட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். அங்கேதான் குதிகாலில் பல் விழுகிறது.

அதற்காக 'சுபாவம்தானே' என்று விடவும் கூடாது. ஒவ்வொரு முறை பிள்ளை அலறி நிற்கும்போதும் அவனுக்கு வேலை வெற்றிகரமாக முடிகிறது. நூறு முறை வென்றவனைத் திருத்துவது கடினம். இன்றே இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு குட்டைக் கதவு போடுங்கள். பிள்ளைகள் ஓடியாடும் நேரத்தில் அவன் கதவுக்கு அந்தப் பக்கம், கடிக்க ஏதாவது கொடுத்து. பெரியவர் யாரும் இல்லாமல் மூவரையும் ஒன்றாக விடவே கூடாது. நாய் வட்டமடித்தால் மரம் போல நிற்கவும், கையை மார்போடு கட்டிக்கொள்ளவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஏழு வயதுக்கு இது புரியும். நாலு வயதை நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள்.

மாடிவீடு:
பின்னால் வந்து 'இந்த இனம் வீட்டுக்கு ஆகாது, பண்ணைக்குக் கொடுத்துவிடு' என்று சொல்லப் போகிறவர்களுக்காக முன்கூட்டியே எழுதுகிறேன். நான் அடுக்குமாடியில் ஆறு வருடமாகக் கோலி வளர்க்கிறேன். தோட்டம் இல்லை. நாய் நன்றாக இருக்கிறது. தினம் இரண்டு நடை, பதினைந்து நிமிடம் மூளைக்கு வேலை, மீதி நேரம் உறக்கம். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் உறங்கும், குட்டி இன்னும் கூடுதலாக. உங்களவன் எவ்வளவு உறங்குகிறான் என்று ஒரு நாள் எழுதி வையுங்கள்.

நிழல்தொல்லை:
எழுதிப் பார்த்தேன். இரவு ஆறரை மணி நேரம், பகலில் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட வரவில்லை. அதுவும் என் காலடியில், ஒரு கண் திறந்தபடி.

மாடிவீடு:
அவ்வளவுதான் சங்கதி. உறக்கம் கெட்ட கைக்குழந்தை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. களைக்கக் களைக்க இன்னும் ஆடும்.

பட்டிக்காரன்:
மாடிவீடு சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நீங்கள் நன்றாக வளர்க்கிறீர்கள், சரி. ஆனால் உங்களைப் பார்த்துவிட்டு இன்னும் பத்துப் பேர் வாங்குவார்கள், அதில் எட்டுப் பேர் கைமாற்றுவார்கள். இது அழகுக்கு வளர்த்த இனம் இல்லை. 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் வளர்த்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாயிடமிருந்து இன்றைய வம்சம் பெரும்பாலும் வருகிறது. அதன் தகப்பன் ராய் சாதுவானது, ஆட்டை உறுத்துப் பார்த்து அடக்கும் கண் பலம் குறைவு. தாய் மெக் கண்ணால் ஆட்டை ஆணியடிக்கும், ஆனால் ஒதுங்கி நிற்கும் சுபாவம். இரண்டும் அளவாகச் சேர்ந்து வந்தவன் ஹெம்ப். குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே மந்தையை நகர்த்தினான். 1901-இல் செத்துப் போவதற்குள் ஏறக்குறைய 200 குட்டிகளுக்குத் தகப்பன். அவன் வேலையைப் பார்த்துத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள், காது மடிந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1906-இல் தொடங்கிய பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கமும் வேலையை முன்னிறுத்தித்தான் பதிவேடு வைத்தது. 'பார்டர் கோலி' என்ற பெயரே 1915 வாக்கில்தான் ஏட்டில் ஏறியது. நாய் இனங்களைப் பதியும் அமெரிக்கக் கென்னல் கிளப் 1995-இல் இதைக் காட்சி இனமாகச் சேர்த்தபோது வேலை நாய்க்காரர்கள் சண்டை போட்டார்கள். நியாயமான சண்டை என்பேன்.

மாடிவீடு:
வரலாறு சரி ஐயா. ஆனால் பிறக்கிற குட்டிகள் அத்தனைக்கும் ஆடு எங்கே இருக்கிறது? பண்ணையில் பிறந்தாலும் ஆட்டைக் கண்டால் அக்கறையே காட்டாத கோலி உண்டா இல்லையா?

பட்டிக்காரன்:
உண்டு. என்னிடமே ஒன்று இருந்தது. ஆடு அதைத் துரத்தும். கடைசிவரை என் கட்டிலடியில் ராஜா மாதிரி இருந்து செத்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன், முக்கால்வாசி.

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவராக இருக்கிறேன். இணையத்தில் நோய் கண்டுபிடிக்க மாட்டேன், ஆனால் வெளிச்சம் துரத்தும் பகுதியைப் படித்ததும் எழுதாமல் போக முடியவில்லை.

இதைக் குறும்பு என்று எண்ணாதீர்கள். கூப்பிட்டால் கேட்காத அளவுக்கு, வெளிச்சம் போன பிறகும் தொடர்கிறது என்றால் கட்டாய நடத்தையாக மாறிக்கொண்டிருக்கிறது. மனிதர்களில் திரும்பத் திரும்பக் கை கழுவுவது போல. மேய்ப்பு இனங்களில் இது அதிகம் தலைகாட்டும். லேசரில் உள்ள கோளாறு என்னவென்றால், துரத்தலுக்கு முடிவே கிடையாது. கவ்வுவதற்கு எதுவும் இல்லை. தேடல் மட்டும் மிஞ்சுகிறது.

முதலில் நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கண், வலி, வலிப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்றில் இல்லாத ஈயைக் கவ்வுவது போன்ற சில செய்கைகள் வலிப்பின் சிறு வடிவமாகவும் இருக்கலாம், பார்டர் கோலியில் வலிப்பு நோய் அறிமுகமானதுதான். அது நடக்கும்போது கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட இருபது நொடிப் படம் எங்களுக்கு உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியது: லேசரைக் குப்பையில் போடுங்கள். வெயில் நேரடியாக விழும் சன்னலுக்குத் திரை. கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். அவன் துரத்தும்போது திட்டுவதும் வேண்டாம், சிரிப்பதும் வேண்டாம். இரண்டுமே அவனுக்குக் கவனிப்புதான். அமைதியாக வேறு அறைக்குக் கூட்டிப் போய்ச் செய்யத் தெரிந்த ஒரு வேலையைக் கொடுங்கள். முற்றியிருந்தால் மருந்தும் தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உண்ணிப்பகை:
டாக்டர் வந்திருக்கிறார், இடையில் புகுந்து ஒரு கேள்வி. கோலிகளுக்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுத்தால் செத்துவிடும் என்கிறார்கள். என் நாய்க்கு இதயப்புழுத் தடுப்பு மாத்திரையில் அதுதான் இருக்கிறது. நிறுத்திவிடவா?

ஊசிமருந்து:
நிறுத்தாதீர்கள். இதில் பாதி உண்மையும் பாதிப் பீதியும் கலந்திருக்கின்றன.

எம்டிஆர்1 என்றொரு மரபணு. சில மருந்துகள் மூளைக்குள் போகாமல் வெளியே தள்ளும் காவல்காரனை உருவாக்குவது அது. அந்த மரபணு பழுதாக இருந்தால் ஐவர்மெக்டின் மூளைக்குள் தேங்கி, தள்ளாட்டம், பார்வை இழப்பு, மயக்கம், சாவு வரை போகும். காரணம் 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நீள முடி ரஃப் கோலிகளில் ஏறக்குறைய 70 சதவீதத்திடமும், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் பாதியிடமும் இந்தப் பழுது உண்டு. பார்டர் கோலியில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பெயரில் கோலி இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

இதயப்புழுத் தடுப்பு மாத்திரையில் இருப்பது மிகச் சிறிய அளவு. எடைக்கேற்றபடி கொடுத்தால் பழுது உள்ள நாய்க்கும் அது பாதுகாப்பானது. ஆபத்து எங்கே என்றால், சொறிக்காகக் கொடுக்கும் பெரிய அளவிலும், ஆட்டுக்கும் குதிரைக்கும் வாங்கி வைத்த மருந்தை நாய்க்கும் ஊற்றுவதிலும். மருந்து கொடுத்த ஆட்டின் புழுக்கையைத் தின்றுகூடச் சில நாய்கள் மாட்டிக்கொள்ளும். வயிற்றுப்போக்குக்கு மனிதர்கள் போடும் லோபரமைடும் அதே பட்டியல். பரிசோதனை எளிது, கன்னத்துக்குள் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். வாழ்நாளில் ஒரு முறை செய்தால் சந்தேகம் தீர்ந்தது.

பட்டிக்காரன்:
ஆடு வைத்திருப்பவர்களுக்கு நானும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். செத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். அதில் இருக்கும் நீர்க்கட்டியிலிருந்து நாய்க் குடலில் நாடாப்புழு வரும். அதன் முட்டை நாயின் முடியில் ஒட்டி நம் வாய்க்குப் போனால் நம் ஈரலில் கட்டி வளரும். பிராசிகுவான்டெல் மருந்து தவறாமல் கொடுங்கள். எங்களிடம் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

சும்மாவந்தவன்:
இதையெல்லாம் படித்த பிறகும் எனக்கு ஒன்று வாங்க ஆசையாகத்தான் இருக்கிறது. காணொளியில் ஒரு நாய் ஆயிரம் பொம்மைகளின் பெயரைத் தெரிந்து வைத்திருந்ததே! நீலக் கண், சாம்பல் புள்ளி உள்ள ஜோடிக் குட்டிகள் இருக்கின்றன என்று ஒருவர் சொல்கிறார், தாய் தகப்பன் இரண்டுமே அதே நிறமாம். வாங்கலாமா?

வால்நட்சத்திரம்:
வேண்டாம், அந்த ஆளிடமிருந்து வேண்டவே வேண்டாம். சாம்பல் புள்ளி நிறத்துக்கு மெர்ல் என்று பெயர். மெர்லையும் மெர்லையும் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இரட்டை மெர்ல் வரும், அதாவது அந்த மரபணு தாய் தகப்பன் இரு பக்கமிருந்தும். அவற்றில் செவிடும் குருடும் அதிகம். நிறத்துக்காக அதைத் தெரிந்தே செய்பவர் வேறெதைப் பார்த்திருக்கப் போகிறார்?

நல்ல ஆளிடம் போனால் இரண்டு பெற்றோரையும் காட்டுவார். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, மரபணுப் பரிசோதனைத் தாள்களைக் கேட்காமலே எடுத்து வைப்பார். கோலிக் கண் கோளாறு என்ற பரம்பரைக் கண் குறையை ஆறு முதல் எட்டு வாரக் குட்டியிலேயே பார்த்துவிட வேண்டும், பிறகு நிறமி படிந்து அந்த இடம் மறைந்துபோகலாம்.

ஆயிரம் பொம்மை நாயின் பெயர் சேசர். 1,022 பெயர்கள். கற்பித்தவர் ஜான் பில்லி, ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். மூன்று ஆண்டுகள், தினம் மணிக்கணக்காக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். காணொளியில் நாயை மட்டும் பார்க்காதீர்கள், அந்த மனிதரின் பொறுமையையும் பாருங்கள்.

சும்மாவந்தவன்:
நல்லவேளை கேட்டேன். தொட்டி மீனில் தொடங்குகிறேன்.

நிழல்தொல்லை:
மருத்துவரிடம் போய் வந்தோம். கண் சரி, வலி இல்லை, வலிப்புக்கான அறிகுறி இப்போதைக்கு இல்லை. வீட்டுச் சூழலை மாற்றி ஆறு வாரம் பாருங்கள், குறையாவிட்டால் மருந்து தொடங்கலாம் என்றார். பந்தை அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். இப்போது அலமாரியை உறுத்துப் பார்க்கிறான்.

'போதும்' எப்படிச் சொல்லிக் கொடுப்பது? என்னிடம் ஆடு இல்லையே.

வால்நட்சத்திரம்:
பாயில் தொடங்குங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன விரிப்பு, இதற்கு மட்டும். தரையில் போட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியில் சும்மா இருங்கள். எதுவும் சொல்லாதீர்கள். அவன் அதன் மேல் கால் வைத்தால் ஒரு தீனித் துண்டு, படுத்தால் இன்னொன்று, முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் வையுங்கள். கையில் நீட்டினால் எழுந்துவிடுவான். ஒரு பக்கமாகச் சாய்ந்து இடுப்பைத் தளர்த்தினால் இரண்டு துண்டு. பாராட்டு வேண்டாம். 'சபாஷ்' என்று கூவினால் கோலி எழுந்து அடுத்து என்ன என்று கேட்கும். மூன்று நிமிடத்தில் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். அவன் சலிக்கும் முன்பே எடுப்பதுதான் நுணுக்கம்.

ஒரு வாரம் கழித்து நீங்கள் எழுந்து நடங்கள், பிறகு குதியுங்கள், பிறகு பெரிய பிள்ளை மெதுவாக நடக்கட்டும். ஓட்டம் கடைசியில். என் கோலிக்கு அந்த ஓட்டம்வரை போக மூன்று மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டிக்காரன்:
அந்த அம்மா சொல்வது சரி. நாங்கள் விரிப்பெல்லாம் போடுவதில்லை, ஆனால் விஷயம் ஒன்றுதான். ஆட்டுக்குத் தள்ளி நாயைப் படுக்க வைத்து நான் பக்கத்தில் நிற்பேன். நாய்க்கு மூச்சு இறங்கும்வரை அடுத்த சொல் சொல்ல மாட்டேன். துடித்துக்கொண்டு படுப்பது படுப்பது இல்லை.

மாடிவீடு:
மூளை வேலைக்கு நான் செய்வது: சாப்பாட்டைத் தட்டில் வைப்பதில்லை. பாதியைப் புல்லில் தூவிவிடுவேன், மூக்கால் தேடட்டும். பிள்ளையின் காலுறையை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுவேன். பத்து நிமிடத்தில் நாக்கு தொங்கும். பந்து வேண்டுமென்றால் ஐந்து முறைக்கு மேல் இல்லை. அதிலும் எறிந்து, படுக்க வைத்து, பந்து உருண்டு நின்ற பிறகுதான் அனுப்புவேன். கடைசியில் 'போதும்' சொல்லிப் பந்தைப் பைக்குள் போட்டுவிடுவேன். முதல் வாரம் என் கோலி என்னைத் திட்டினாள். பிறகு அந்தச் சொல்லைக் கேட்டதும் உடம்பை உதறிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறாள்.

உண்ணிப்பகை:
வெயில் வருகிறது, முடியை ஒட்ட மழித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமா?

ஊசிமருந்து:
இருக்காது. இதற்கு மேல்முடி, அடிமுடி என்று இரட்டைப் போர்வை. மேல்முடி வெயிலையும் தடுக்கும். மழித்தால் தோல் வெந்துபோகும், திரும்ப முளைப்பதும் திட்டுத் திட்டாக வரலாம். அடிமுடி உதிரும் பருவத்தில் தினம் சீவி எடுத்தால் காற்றோட்டம் தானாகக் கிடைக்கும். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் சிக்கு விழும், அங்கே விரலால் பிரியுங்கள். புல்விதை விரலிடுக்கில் குத்தி உள்ளே போய்விடும், நடந்து வந்ததும் பாதத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பந்துப் பிரியர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இந்த இனத்தில் 'பார்டர் கோலி சரிவு' என்று ஒன்று உண்டு. ஐந்து முதல் பதினைந்து நிமிடக் கடும் ஓட்டத்தில், குறிப்பாக வெக்கையில், பின்னங்கால் இழுபடும், தள்ளாடும், திசை தெரியாமல் விழிக்கும். உடனே ஓட்டத்தை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் நனைத்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் தேறிவிடும். நாய் தானாக நிற்காது, துரத்த ஏதாவது இருக்கும்வரை ஓடும். நிறுத்துவது உங்கள் வேலை. தேறிவிட்டதே என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாலுமணிநடை:
மிதிவண்டி யோசனை சொன்னவன் நான்தான். என் நாய்க்குப் போன வருடம் இப்படித்தான் தள்ளாட்டம் வந்தது, வெறும் களைப்பு என்று நினைத்துவிட்டேன். நாளைக்கே காட்டுகிறேன். நன்றி டாக்டர்.

நிழல்தொல்லை (இரண்டரை மாதம் கழித்து):
இழையை மறுபடி எழுப்புகிறேன், நல்ல செய்திதான்.

முதல் பத்து நாள் நரகம். பந்து இல்லை என்றதும் காலணியைக் கொண்டுவந்தான், பிறகு கரண்டி, ஒரு நாள் சின்னவளின் பல் துலக்கி. ஆறாவது நாள் விரிப்பில் முதல்முறையாக ஒரு பக்கம் சாய்ந்து பெருமூச்சு விட்டான். நான் மூச்சு விடாமல் இருந்தேன். நாலாவது வாரத்தில் பகல் உறக்கம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது. வெளிச்சம் துரத்துவது முற்றிலும் போகவில்லை. நாளுக்கு ஒன்றிரண்டு முறை பார்ப்பான், கூப்பிட்டால் திரும்பிவிடுகிறான். மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குட்டைக் கதவு அப்படியே இருக்கிறது. பல் பட்டது அதன் பிறகு ஒருமுறைகூட இல்லை. கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் அடங்கிவிட்டது. இப்போது அவன் படுக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், மேய்ப்பு நாய் பழக்கும் ஒருவரிடம் ஒரு நாள் போனோம். ஆட்டுக்கு முன் வாத்தில் பார்ப்போம் என்றார். ஏழு வாத்துகள். நீளக் கயிற்றோடு விட்டேன். இவன் ஒரு கணம் சிலை. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, பெரிய வட்டமாகப் போய் வாத்துகளுக்குப் பின்னால் எனக்கு நேர் எதிரே வந்து நின்றான். ஏழையும் ஓட்டி வந்து என் காலடியில் நிறுத்தினான். நான் இடப்பக்கம் நகர்ந்தால் அவன் வலப்பக்கம் நகர்ந்து சரிக்கட்டினான். கை நடுங்கியது எனக்கு.

பட்டிக்காரன்:
வட்டம் எந்தப் பக்கமாகப் போனான்? கடிகாரச் சுற்றா, எதிர்ச் சுற்றா?

நிழல்தொல்லை:
இரண்டு முறையும் கடிகாரச் சுற்று.

பட்டிக்காரன்:
அதற்குக் 'கம் பை' என்று பெயர். எதிர்ச் சுற்று 'அவே'. பல நாய்க்கு ஒரு பக்கம் கைப்பழக்கம் போல இருக்கும், மற்றப் பக்கத்தைப் பொறுமையாகத் திறக்க வேண்டும். அது பிறகு. வாத்து காலடிக்கு வந்ததும் என்ன செய்தீர்கள்?

நிழல்தொல்லை:
என்ன செய்வது என்றே தெரியவில்லை ஐயா. ஏழு வாத்துகள் என்னைப் பார்க்கின்றன, நான் அவற்றைப் பார்க்கிறேன், இவன் எங்கள் எல்லாரையும் பார்க்கிறான். கடைசியில் 'போதும்' என்றேன். உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான். வாத்துகள்தான் என்னை விட்டுப் போகவில்லை.